வியாழக்கிழமைச் சுமை

அழைப்பிதழ் வந்த நாள் 2022 மே இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. தடித்த தந்தநிற அட்டை. ஒரு பக்கம் தோட்டத்தின் படம், மறுபக்கம் அச்செழுத்து. தாவரத் தோட்டம் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, அங்கே முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றிய செல்வி தொமித்தில்லா ரவேல்லியின் பெயர் விதை அறைக்குச் சூட்டப்படுகிறது என்றும், பதினைந்தாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு அவரே நேரில் வந்து சிறப்பிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அடியில் சிறிய எழுத்தில் இன்னொரு வரி: தோட்டத்தை நூற்று முப்பத்து மூன்று படிகள் ஏறி அடையலாம்.

சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த தொமித்தில்லா அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். பிறகு அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய போலெந்தா என்னும் சோளமாவுக் களிச் சட்டியை அதன் மேல் வைத்தார். சட்டியின் அடி பதிந்த கருவட்டம் இன்றும் அட்டையில் இருக்கிறது.

மிலானுக்கு வடகிழக்கே மலையடிவாரத்தில், குன்றின் மேல் மதில் சூழ்ந்த பழைய நகரும், கீழே ஆலைகளும் ரயிலடியுமாகப் புதிய நகரும் கொண்டது காஸ்தெல்வேரா. தொமித்தில்லா கீழ்நகரத்தில், கொத்தனார் பொர்த்தொலோ ரவேல்லியின் மூன்றாவது பிள்ளையாக, 1950 நவம்பர் மூன்றாம் தேதி பிறந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் நான்காம் தேதி என்றிருப்பது பாதிரியாரின் பிழை. பதினான்கு வயதில் நூலாலைக்குப் போனார். ஓடும் நூலை விரலுக்கிடையே விட்டு முடிச்சைக் கண்டுபிடிக்கும் வேலை. கண் தேவையில்லை, விரல் நுனி போதும். 1974இல் ஆலை ஆட்குறைப்புச் செய்தபோது, மேல்நகரத்து உச்சியில் இருந்த சிறிய தோட்டம் களை பிடுங்க இரண்டு பெண்கள் வேண்டும் என்று கேட்டது. போன இரண்டு பெண்களில் ஒருத்தி முதல் மழைக்காலத்தோடு நின்றுவிட்டாள். நின்றுவிடாதவர் தொமித்தில்லா.

முடிச்சுத் தேடிய விரல்கள் விதை தேடப் பழகின. பதரையும் முற்றிய விதையையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஜூலை மாதத்தில், பாறைப்பூச் செடிகளின் காய்கள் வெடித்துச் சிதறுமுன், ஒவ்வொரு கொத்துக்கும் மெல்லிய துணிப்பை கட்டிவிடுவார். குளிர்காலத்தில் சலித்து, காகித உறையிலிட்டு, மைக்குப் பதில் பென்சிலால் பெயர் எழுதுவார், ஈரத்தில் மை பரவிவிடும் என்பதால். எங்கள் தோட்டத்தில் இன்னின்ன விதைகள் உண்டு, வேண்டுவோர் எழுதலாம் என்று ஆண்டுதோறும் உலகத்தின் தோட்டங்களெல்லாம் ஒன்றுக்கொன்று பட்டியல் அனுப்பிக்கொள்ளும் வழக்கம் உண்டு. காசு பேசப்படாத பரிமாற்றம் அது. காஸ்தெல்வேராவின் பட்டியல் முப்பது ஆண்டுகள் தொமித்தில்லாவின் கையால் போயிற்று. அவர் ரயிலில் மிலானைத் தாண்டியதில்லை. அவர் உறையிலிட்ட விதைகள் ஜப்பானில் முளைத்தன.

அந்தத் தோட்டத்திற்குப் பின்வாசல் வந்த கதையும் அவருடையதே. குன்றின் உச்சி வெறும் பாறை. ஒவ்வொரு மழையும் மண்ணைக் கழுவிக்கொண்டு போகும். எருவை முதுகுக்கூடையில் சுமந்து படியேற்ற வேண்டும். ஐந்து வருடம் அப்படிச் சுமந்த பிறகு, 1979 வசந்தத்தில், பின்பக்க மதிலில் முட்புதர் மூடிய ஓர் உடைப்பு இருப்பதைத் தொமித்தில்லா கண்டார். அப்பால் எஜீதியோ என்ற விவசாயியின் குடும்பப் பண்ணை. அங்கிருந்து ஒரு மண்சாலை குன்றைச் சுற்றிக்கொண்டு ஊருக்கு இறங்கும். வேலை நேரம் முடிந்தபின் இரண்டு மாதம் அரிவாளும் மண்வெட்டியுமாக நின்று, உடைப்பிலிருந்து விதை அறை வரை நாற்பது மீட்டருக்கு ஒரு மட்டமான பாதையை அவரும் எஜீதியோவும் வெட்டினார்கள். நகராட்சி இரும்புக் கதவு போட்டது. அன்று முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் எரு சக்கரத்தில் வந்தது.

2015 ஜனவரியில், சொந்த வீட்டு வாசலில், பனியில் வழுக்கி விழுந்தார். உடைந்த இடுப்பு எலும்பு சேர்ந்தது. இடது காலுக்கு வலு திரும்பவில்லை. மேல்நகரத்துத் தரைத்தள வீட்டின் சமையலறைச் சன்னல் வழியே தோட்டத்து யூ மரத்தின் நுனி மட்டும் தெரியும். அந்த நுனியைப் பார்த்தபடியே ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கேட்டது ஒன்றே ஒன்று: பின்வாசல் வழியாக என் நாற்காலியில் தோட்டத்துக்குள் வர அனுமதி வேண்டும். வந்த பதில்கள் ஏழு. மதில் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றது ஒன்று. பரிசீலனையில் உள்ளது என்றன மூன்று. அது சரக்கு வந்துபோகும் பணிவாயில், பார்வையாளருக்கு உரியதன்று என்றன மற்ற மூன்று. ஏழிலும் "தங்கள் நீண்ட சேவையை நன்றியுடன் நினைவுகூர்கிறோம்" என்ற வரி மாறாமல் இருந்தது. எஜீதியோ, "நான் கூட்டிட்டுப் போறேன், யார் பாக்கப் போறா?" என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார். "நான் வெட்டின பாதையில திருட்டுப் பூனை மாதிரி நுழைவேனா? போடா!" என்று விரட்டிவிட்டார் தொமித்தில்லா.

இந்த நிலையில்தான் அண்ணன் மகன் ஜெர்வாசியோ வந்தார். ரொட்டிக்கடைக்காரர், ஐம்பத்திரண்டு வயது, மாதா சபையின் தலைவர். ஆகஸ்டில் விண்ணேற்புத் திருநாளன்று மாதா சப்பரத்தைச் சுமக்கும் பன்னிரண்டு பேருக்கும் அவரே மூப்பர்.

"அத்தை, கவலையே வேணாம். ஏற்பாடு பண்ணிட்டேன்."

"என்ன ஏற்பாடு?"

"சப்பரம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். நாற்காலியோட தூக்கி வெச்சுக் கட்டிடுவோம். அலுங்காம மேல கொண்டுபோயிடுவோம்."

"டேய், உனக்கு மூளை ரொட்டி மாதிரி வெந்தா போச்சு? மாதாவை வெக்கிற இடத்துல என்னையா வெப்பீங்க?"

"மாதா நூத்தெண்பது கிலோ அத்தை. நீங்க அதுல மூணுல ஒரு பங்கு. பசங்களுக்கு மூச்சுகூட வாங்காது."

"எடையையா உங்கிட்ட கேட்டேன்?"

ஜெர்வாசியோவின் முகம் விழுந்தது. அந்த முகத்துக்காக மட்டும் தொமித்தில்லா இணங்கியிருக்க மாட்டார். சுண்ணாம்புப் பாறைப் பாத்தியில், ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் விதைத்த பாறைப்பூ, உயிரோடிருக்கிறதா, பரவியிருக்கிறதா என்று ஏழு ஆண்டுகளாகத் தெரியவில்லை. வழி வேறு இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வெள்ளை அங்கி கிங்கி மாட்டிக்கிட்டு வந்தீங்க, கதவைத் திறக்கமாட்டேன்" என்றார்.

ஞாயிறன்று பன்னிரண்டு பேரும் வெள்ளை அங்கியில் வந்தார்கள்.

"அங்கி இல்லாம சப்பரத்துல தோள் குடுக்கக்கூடாது அத்தை. சபைச் சட்டம்" என்றார் ஜெர்வாசியோ. சப்பரத்தின் விளிம்பில் காகித ரோஜாச் சரமும் இருந்தது. அதைக் கழற்ற நேரமில்லையாம். தொமித்தில்லா பல்லைக் கடித்துக்கொண்டார். நாற்காலி கட்டப்பட்டது. மூப்பர் கோலால் ஒருமுறை தட்டினார். ஒரு தட்டுக்குத் தூக்க வேண்டும், இரண்டு தட்டுக்கு இறக்க வேண்டும். வாயால் கட்டளை கிடையாது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து சுமந்து பழகிய தோள்களுக்கு அந்தத் தட்டு மட்டுமே புரியும். சப்பரம் எழும்பியது.

தெருமுனையில் ஒரு முதியவர், பழக்கதோஷத்தில், தொப்பியைக் கழற்றினார். மாடியிலிருந்து ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். போட்டபின்தான் பார்த்தாள், பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். காபிக்கடை வாசலில் நின்றவர்களில் ஒருவன் கைகூப்பிக் கத்தினான்:

"புனித தில்லாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"உனக்காக வேண்டினா என் வேண்டுதலே கெட்டுப்போகும் லுயீஜி!" என்றார் தொமித்தில்லா மேலிருந்து. தெரு முழுதும் சிரித்தது. கைபேசிகள் உயர்ந்தன. பூ ஒன்று வந்து மடியில் விழுந்தது. அதை எடுத்து வெளியே எறிந்தார். அது வேறொருவர் மேல் விழ, அவர் அதைப் பக்தியோடு சட்டையில் செருகிக்கொண்டார். மறுபடி சிரிப்பு.

படி தொடங்கியது. பத்து, இருபது, முப்பது. சாய்ந்த சப்பரத்தில் நாற்காலி பின்னோக்கிச் சரிய, தொமித்தில்லாவின் கண்ணுக்கு வானம் மட்டுமே தெரிந்தது. இந்தப் படிகளைத் தினம் இருமுறை, முதுகில் எருவோடும் ஏறியவர். ஒவ்வொரு படியின் தேய்மானமும் காலுக்குத் தெரியும். இப்போது யாருடைய காலோ ஏறுகிறது. அவர் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவமானம் நெஞ்சுவரை ஏறி அங்கே கோபமாகக் கட்டியாயிற்று.

"ஜெர்வா, அந்தக் கோலைக் கொடு."

"எதுக்கு அத்தை?"

"பிடிச்சுக்க. சரியுது."

கொடுத்தார். எழுபதாம் படியில் அகலமான தளம் ஒன்று உண்டு. மாதாவை இறக்கி வைக்கும் கல் அங்கே இருக்கிறது. சுமை லேசானது, நிற்காமல் போய்விடலாம் என்பது ஜெர்வாசியோவின் கணக்கு. தளத்துக்கு வந்ததும் தொமித்தில்லா கோலால் சப்பரப் பலகையில் தட்டினார், இரண்டு முறை.

பன்னிரண்டு தோள்களும் யோசிக்கவில்லை. சப்பரம் கல்லின் மேல் இறங்கியது.

"ஐயோ, யாருடா தட்டினது?"

"நான்தான். இங்கயே இருக்கேன். மேலயும் வரமாட்டேன், கீழயும் போகமாட்டேன். தோட்டத்துப் பொறுப்பாளரைக் கூப்பிடு."

கெஞ்சினார்கள். நேரமாகிறது என்றார்கள். மேலே நகராட்சியின் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார்கள். "காத்திருக்கட்டும். ஏழு வருஷம் இல்லையே, ஏழு நிமிஷந்தானே" என்றார். கோல் அவர் மடியில் இருந்தது. கோல் இல்லாமல் சபையார் சப்பரத்தைத் தொடமாட்டார்கள். தளத்தின் சுவரில் உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்த எஜீதியோ மட்டும், "நல்லாத் தட்டின தில்லா" என்றார்.

பொறுப்பாளர் ஒத்தாவியா, நாற்பது வயதுப் பெண், ஆறு ஆண்டுகளாக அந்தப் பதவியில் இருப்பவர், புதுச் செருப்பில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"தில்லாம்மா, என்ன ஆச்சு? தலை சுத்துதா?"

"எனக்கு ஒண்ணும் சுத்தல. ஒரே கேள்வி. வியாழக்கிழமை சாணி எந்த வழியா வருது?"

ஒத்தாவியா சுற்றிலும் பார்த்தார். சப்பரத்தின் பின்னால் வந்த ஊர் படியின் மேலும் கீழும் நின்றது.

"பின்வாசல் வழியா."

"அந்த வழியில எத்தனை படி?"

"படி... இல்லைம்மா."

"சத்தமா. லுயீஜிக்குக் காது மந்தம்."

"படி இல்லை."

"அந்தப் பாதையை வெட்டினது யாரு?"

"நீங்க."

"நான் வெட்டின பாதையில சாணி சக்கரத்துல போகலாம். நான் சக்கரத்துல போகக்கூடாது. அதானே உங்க ஏழு பதிலும்?"

ஒத்தாவியாவின் கழுத்து சிவந்தது. "என் கையில இல்லைம்மா. உண்மையைச் சொல்லிடறேன். அந்த வாசலுக்கு இருக்கிற காப்பீடு சுமைக்கு மட்டுந்தான். ஆளுக்கு இல்லை. ஆள் போய் ஏதாவது ஆயிட்டா..."

தொமித்தில்லா நாற்காலியில் முன்னால் குனிந்தார்.

"இதை ஏன் ஒரு வருஷம்கூட எழுதல? மதில் பழசு, பரிசீலனைன்னு..."

"எழுதினா உங்க மனசு நோகும்னு."

"ஓ. என் மனசு நோகாம இருக்கத்தான் என்னை வீட்டுல பூட்டி வெச்சீங்களா?" குரல் உடைந்து உயர்ந்தது. "என் பேரை மேல மாட்டுவீங்க. என்னை மாட்ட இடமில்ல!"

யாரும் சிரிக்கவில்லை. தொமித்தில்லா கோலால் தன் நாற்காலியின் சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சுமைன்னா போகலாம், இல்லையா?"

"போகலாம், ஆனா..."

"இப்ப இங்க எப்படி வந்தேன்? நடந்தா வந்தேன்? டேய், பன்னெண்டு பேரும் சொல்லுங்கடா, உங்க தோள்ல நான் யாரு?"

பின்வரிசையில் நின்ற கனத்த ஆள் ஒருவர் வியர்வையைத் துடைத்தபடி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நேர்மையோடு, "சுமைதாங்க" என்றார். ஜெர்வாசியோ அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"ஊர் முன்னாடி சொல்லியாச்சு. வியாழக்கிழமை நான் சுமையா வரேன். எருவுக்கு எழுதற மாதிரி எனக்கும் சீட்டு எழுதி உள்ள விடுங்க. எஜீதியோ, உன் வண்டியில இடம் இருக்கா?"

"ஆறு மூட்டை ஏத்துவேன். நீ ஏறினா அஞ்சு." குழாயை வாயிலிருந்து எடுத்தார். "நாத்தம் தாங்குவியா?"

"இவங்க கடுதாசி நாத்தத்தை ஏழு வருஷம் தாங்கினவ நான்."

ஒத்தாவியா, "இன்னைக்கு விழா... உங்க பேர்ப்பலகை..." என்றார்.

"திறந்துக்கங்க. பலகைக்குக் காலா வேணும்?"

கோலை ஓங்கி ஒருமுறை தட்டினார். தோள்கள் எழுந்தன. ஜெர்வாசியோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சப்பரம் பாதியில திரும்பக்கூடாது அத்தை. சபை ஏற்பட்டதுலேருந்து திரும்பினதே இல்லை."

"அது மாதாவுக்கு. சுமைக்கு அந்தச் சட்டம் கிடையாது. திருப்புடா."

திருப்பினார்கள். இறங்கும்போது தெருவில் ஒருவரும் தொப்பியைக் கழற்றவில்லை. லுயீஜி காபிக்கடைக்கு உள்ளே போய்விட்டான்.

மே பத்தொன்பதாம் தேதி வியாழன் காலை, எஜீதியோவின் மூன்று சக்கர ஆப்பே வண்டியின் பின்தட்டில், ஐந்து எருமூட்டைகளுக்கு நடுவே, கயிற்றால் கட்டிய நாற்காலியில் தொமித்தில்லா போனார். ஞாயிறன்று உடுத்தாத நல்ல நீலக்கோட்டு அன்று உடம்பில் இருந்தது. மண்சாலையில் வண்டி குதித்த குதிப்பில் எலும்பெல்லாம் இடம் மாறியதாகப் பின்னால் சொன்னார்.

இரும்புக் கதவருகே ஒத்தாவியா தாமே சீட்டுப் புத்தகத்தோடு நின்றார். பொருள், எண்ணிக்கை, நிலை என்று மூன்று கட்டங்கள். எரு, ஐந்து மூட்டை, ஈரம் என்று முதல் வரியை எழுதினார். இரண்டாம் வரியில் பேனா நின்றது.

"எழுதுங்க."

"எழுதக் கை வரலம்மா."

"நீங்க வந்தப்புறம் எழுதின ஆறு கடுதாசிக்குக் கை வந்துச்சே. எழுதுங்க. தொமித்தில்லா ரவேல்லி. ஒண்ணு."

எழுதினார். மூன்றாம் கட்டத்துக்கு வந்து தலை நிமிர்ந்தார். "நிலை...?"

"பாத்தாத் தெரியலையா?"

ஒத்தாவியா பார்த்தார். எழுதினார். கிழித்துக் கொடுத்தார். எஜீதியோ கதவைத் தள்ளினார்.

பாதை அப்படியே இருந்தது. தொமித்தில்லா யாரையும் தள்ளவிடவில்லை, தம் கையாலேயே சக்கரத்தை உருட்டினார். சுண்ணாம்புப் பாறைப் பாத்தியில் அவர் விதைத்த பாறைப்பூ மூன்று கற்களுக்குப் பரவியிருந்தது. ஆனால் பக்கத்துப் பெயர்ச்சீட்டு மையால் எழுதப்பட்டு நீலக்கறையாகக் கிடந்தது. "பென்சில்!" என்றார், பாத்தியைப் பார்த்தே. ஒத்தாவியா, "மாத்திடறேம்மா" என்றார்.

நாற்பதாவது மீட்டரில் விதை அறை. கதவுக்கு மேலே, நிற்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், அவர் பெயர் பொறித்த பலகை பளபளத்தது. கதவுக்குக் கீழே ஒரு கல். ஒரு சாண் உயரம்கூட இல்லாத, நடு தேய்ந்த, ஒற்றைப் படி.

சக்கரம் அதில் முட்டி நின்றது.

முப்பத்தேழு ஆண்டுகள் அந்தக் கல்லை மிதித்து ஏறி இறங்கியவர். அங்கே ஒரு படி இருப்பதே அவர் நினைவில் இல்லை. பாதை வெட்டியபோது, இந்தக் கல்லையும் பெயர்த்துவிடலாமா என்று எஜீதியோ கேட்டதும், "அது எதுக்கு, அது யாரை என்ன பண்ணுது?" என்று தாமே சொன்னதும் அந்தக் கணத்தில்தான் திரும்பி வந்தது. இதற்கு எந்த அலுவலகத்தின் மேலும் பாய முடியவில்லை. பாய்ச்சல் உள்ளேயே சுற்றி வந்து அவரையே கடித்தது.

"கடப்பாரை இருக்கா?" என்றார்.

"வண்டியில இருக்கு" என்றார் எஜீதியோ.

ஒத்தாவியா வாயைத் திறந்தார். மதில் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று சொல்ல நினைத்தாரோ என்னவோ, திறந்த வாயை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கல்லின் மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தார். கல் பெயர அரைமணி நேரமாயிற்று.

பின்வாசலில் அந்த அறிவிப்பு இன்றும் தொங்குகிறது: பணிவாயில், பார்வையாளருக்கு அனுமதி இல்லை. காப்பீடு மாறவில்லை. தொமித்தில்லா 2024 அக்டோபர் 24 வரை, உடம்பு இடம்கொடுத்த வியாழக்கிழமைகளிலெல்லாம், ஐந்து மூட்டைகளோடு ஆறாவதாகப் போய்வந்தார். விதை அறையில் பதர் பிரித்தார், மையால் எழுதியவர்களைத் திட்டினார். அடுத்த பிப்ரவரியில் வீட்டில் உறக்கத்தில் இறந்தார். சீட்டுகள் குடும்பப் பெட்டியில், கருவட்டம் விழுந்த அழைப்பிதழோடு இருக்கின்றன. மொத்தம் அறுபத்தொன்று. முதல் சீட்டின் மூன்றாம் கட்டத்தில், ஒத்தாவியாவின் உருண்டைக் கையெழுத்தில், கோபம் என்று எழுதியிருக்கிறது. மற்ற சீட்டுகளில் மேற்படி. 2023 செப்டம்பரில், அடைமழை பெய்த ஒரு வியாழனுக்குரிய சீட்டில் மட்டும் எஜீதியோ ஈரம் என்று எழுதியிருக்கிறார். அது அடிக்கப்பட்டு, பக்கத்தில் பென்சிலால், அழுத்தமாக, மேற்படி என்று திருத்தப்பட்டிருக்கிறது.